மாற்று இதயத்துக்கு ஒரு துணை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மருத்துவத்தைச் சார்ந்தது. நாமோ மருத்துவம் பயின்றவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, தலைநகர் தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருபது ஆண்டுகளைக் கழித்தவர். பின் இந்தப் பொருளில் நமக்கு என்ன உரிமை என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஒரு சொல் புரியாமற்போனதால் ஒரு குடும்பம் பட்ட வேதனையைக் கண்கூடாகக் கண்டோம். அதுவே நாம் பேசுவதற்குக் காரணம்.

தில்லியில் பல்லாண்டுகளாக வாழும் தமிழ்க் குடும்பம் அது. குடும்பத் தலைவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. இதயத் தசை மெலிந்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார். நெடுநாள் காத்திருந்தபின் அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. அறுவை நன்றாக முடிந்தது. வீட்டில் விளக்கேற்றி வைத்து, அவர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இருபத்து நாலாம் நாள் மாலை, அவருடைய மனைவியாரிடம் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கம் இந்தியில், அதுவும் அவசரத்தில் வந்தது. அந்த அம்மையாரின் இந்தி, காய்கறி வாங்கவும் பஸ் ஏறவும் போதுமானது, இதற்குப் போதவில்லை. "பெர்மனென்ட்", "பேஸ்மேக்கர்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. கையெழுத்திட மறுத்துவிட்டு நமக்குத் தொலைபேசி செய்தார்.

"அண்ணா, வைத்த இதயமும் பழுதாகிவிட்டதா? இனி ஆயுள் முழுவதும் மெஷின்தான் அவரை ஓட்ட வேண்டுமா? யாரோ ஒரு தாய் தன் பிள்ளையின் இதயத்தைக் கொடுத்தாளே, அது வீணாகிவிட்டதா?" என்று கேட்டார்.

அந்த மூன்று கேள்விகளுக்கும் நம்மிடம் விடை இல்லை. மறுநாட் காலை மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் ஒருவர் அரை மணி நேரம் பொறுமையுடன் விளக்கினார். நாம் அதை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னோம். அன்று அறிந்ததையும், அதன்பின் படித்துத் தெளிந்ததையும் நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் இதயம் எவ்வாறு துடிக்கிறது என்பதைக் காண்போம். இதயத்துக்கு நான்கு அறைகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. வலப்பக்க மேலறையில், உடலின் மேற்பாதியிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்கு அருகே, மிகச் சிறிய திசுக் கற்றை ஒன்று இருக்கிறது. சைனஸ் கணு என்பது அதன் பெயர். 1907-ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இருவர் இதைக் கண்டறிந்து கூறினர். இந்தக் கணுதான் நொடிக்கு ஒரு முறை அளவில் மெல்லிய மின்துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு மேலறைகளில் பரவி, இடையிலுள்ள மற்றொரு கணுவைக் கடந்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. தசை சுருங்குகிறது, இரத்தம் ஓடுகிறது. ஒரு நாளில் இது ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை நிகழ்கிறது.

நாகஸ்வரக் கச்சேரியைக் கேட்டவர்கள், ஓரமாக அமர்ந்து தாளம் தட்டும் சிறுவனைப் பார்த்திருப்பார்கள். நாகஸ்வரக்காரரின் பெயர் விளம்பரத்தில் இருக்கும். தவில்காரரின் பெயரும் இருக்கும். அந்தச் சிறுவனின் பெயர் இராது. ஆனால் அவன் கை நின்றால் கச்சேரி தடுமாறும். சைனஸ் கணு அந்தச் சிறுவனைப் போன்றது.

சிறுவன் தட்டும் தாளத்தை விரைவாக்கவும் தாமதமாக்கவும் மூளையிலிருந்து நரம்புகள் வருகின்றன. வேகஸ் என்னும் நரம்பு துடிப்பை அடக்குகிறது. வேறு சில நரம்புகள் அதைத் தூண்டுகின்றன. நாம் ஓடும்போது நெஞ்சு படபடப்பதும், உறங்கும்போது அமைதியுறுவதும் இவற்றின் செயலே.

இனி மாற்று இதயத்துக்கு வருவோம். 1967 டிசம்பர் 3-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், குரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில், கிறிஸ்டியன் பர்னார்டு ஒரு மனிதரின் இதயத்தை மற்றொரு மனிதருக்கு முதன்முதலாகப் பொருத்தினார். நோயாளி பதினெட்டு நாட்கள் வாழ்ந்தார். அடுத்த இரண்டரை மாதத்துக்குள், 1968 பிப்ரவரியில், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென் இந்தியாவில் முதன்முதலாக இதை முயன்றார். அந்த நோயாளி சில மணி நேரமே உயிருடன் இருந்தார். 1994-இல் உடலுறுப்பு மாற்றுச் சட்டம் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பி. வேணுகோபால் இந்த அறுவையை வெற்றியுடன் நிறைவேற்றிக் காட்டினார்.

இந்த அறுவைக்கு வழிவகுத்தவர்கள் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் ஷம்வேயும் ரிச்சர்ட் லோயரும். அவர்கள் 1960-இல் வெளியிட்ட முறையே நெடுங்காலம் கையாளப்பட்டது. அதன்படி, நோயாளியின் பழைய இதயத்தை முழுவதும் எடுத்துவிடுவதில்லை. மேலறைகளின் பின்சுவரை அங்கேயே விட்டுவைத்து, புதிய இதயத்தின் மேலறைகளை அதனோடு சேர்த்துத் தைப்பார்கள். தையல் எளிது, நேரமும் குறைவு. ஆனால் அந்தத் தையல் புதிய இதயத்தின் சைனஸ் கணுவுக்கு அருகிலேயே செல்கிறது. வெட்டாலோ, தையலாலோ, கணுவுக்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாயில் நேரும் ஊறாலோ கணு சோர்ந்துபோக இடமுண்டு.

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். விட்டுவைத்த பழைய சுவரிலே நோயாளியின் சொந்தக் கணுவும் இருந்துவிடுகிறது. அது தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தத் துடிப்பு தையல் தழும்பைத் தாண்டிப் புதிய இதயத்தை எட்டாது. இத்தகையோரின் மின்பதிவுத் தாளில் இரண்டு கணுக்களின் துடிப்பும் தனித்தனியே தெரிவதுண்டு. பழைய தாளக்காரன் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறான். அவன் ஓசை மேடைக்குக் கேட்பதில்லை.

சோர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. கொடையாளரின் உடலிலிருந்து எடுத்த இதயம், பனிக்குளிரில், இரத்த ஓட்டமின்றிக் காத்திருக்கிறது. வழக்கமான முறையில் இந்த நேரம் நாலு மணிக்குள் முடிய வேண்டும் என்பார்கள். ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்துக்கு விமானத்தில் இதயம் வருவதையும், போலீசார் சாலையை ஒழித்து வழிவிடுவதையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அந்த அவசரத்தின் பொருள் இதுதான். காத்திருக்கும் நேரம் நீண்டால் தசையும் கணுவும் வாடும். கொடையாளரின் வயது கூடுதலாக இருந்தாலும் கணு வலுக்குறைந்திருக்கலாம். நோயாளி அறுவைக்கு முன் உட்கொண்ட சில இதய மருந்துகள், குறிப்பாக அமியோடரோன், உடலில் நெடுநாள் தங்கித் துடிப்பை மந்தப்படுத்தலாம்.

இவற்றுடன் மற்றொன்று. இதயத்தை எடுக்கும்போது அதற்கு வரும் நரம்புகள் யாவும் அறுபட்டுப் போகின்றன. அவற்றைத் தைத்து இணைக்க முடியாது. வேகஸின் கடிவாளம் அற்றுப்போவதால், நன்றாக வேலை செய்யும் மாற்று இதயம் ஓய்வில்கூட நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். ஆகவே, உங்களுக்கும் நமக்கும் இயல்பான 70 துடிப்பு, புதிதாக இதயம் பெற்றவருக்குக் குறைவாகவே கருதப்படும். முதல் நாட்களில் புதிய இதயம் விறைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்ப அதனால் இயலாது. எண்ணிக்கையைக் கூட்டித்தான் அது ஈடு செய்ய வேண்டும். எண்ணிக்கையும் குறைந்தால் உடலுக்குப் போதிய இரத்தம் கிட்டாது.

இதற்காகவே அறுவையின் முடிவில், இதயத்தின் மேற்பரப்பில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, மார்புக்கு வெளியே ஒரு சிறு பெட்டியோடு இணைக்கிறார்கள். இது தற்காலிக ஏற்பாடு. தூண்டும் மருந்துகளும் கொடுக்கப்படும். சாதாரண நோயாளிக்குத் துடிப்பு குறைந்தால் கொடுக்கும் அட்ரோபின் மருந்து இங்கே பயன்படாது. அது வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தும் மருந்து. அறுபட்ட நரம்பில் தளர்த்துவதற்கு என்ன இருக்கிறது? நேரே இதயத்தில் செயல்படும் மருந்துகளே இங்கு உதவும்.

பெரும்பாலோருக்குச் சில நாட்களிலோ, இரண்டு மூன்று வாரங்களிலோ கணு தெளிவடைந்துவிடுகிறது. வெளிப்பெட்டியை எடுத்துவிடுகிறார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் கடந்தும் துடிப்பு உயரவில்லையானால், அல்லது நோயாளிக்குத் தலைசுற்றலும் மயக்கமும் நேர்ந்தால், அப்பொழுதுதான் உள்ளே வைக்கும் பேஸ்மேக்கரைப் பற்றி மருத்துவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். நம் நண்பருக்கு இருபத்து நாலாம் நாளில் படிவம் வந்ததன் காரணம் இதுவே. அது திடீரென நேர்ந்த விபத்து அன்று. காத்துப் பார்த்தபின் எடுத்த முடிவு.

எத்தனை பேருக்கு இது தேவைப்படுகிறது? பழைய தையல் முறையில், ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நிலை வந்தது. 1990-களிலிருந்து பரவிய புதிய முறையில், வலப்பக்க மேலறையை முழுமையாக எடுத்து, மேலும் கீழும் உள்ள பெருஞ்சிரைகளோடு தனித்தனியே தைக்கிறார்கள். தையல் கணுவை விட்டு விலகிச் செல்கிறது. இதனால் தேவை வெகுவாகக் குறைந்து, நூற்றில் ஒரு சிலருக்கே என்ற அளவுக்கு வந்திருக்கிறது.

இப்போது பேஸ்மேக்கரைப் பார்ப்போம். 1958 அக்டோபர் 8-ஆம் நாள், சுவீடன் நாட்டில் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ஆக்கே சென்னிங் என்ற அறுவை மருத்துவர், ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியியலார் செய்த கருவியை ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் வைத்தார். அந்த முதற்கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் லார்சன் நிற்கவில்லை. ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளுடன், தமக்குக் கருவி கொடுத்த இருவரும் மறைந்த பின்னும் வாழ்ந்து, 2001-இல் தமது 86-ஆம் வயதில், இதயத்தோடு தொடர்பில்லாத நோயால் காலமானார். அதே சென்னிங்தான் 1969-இல் சூரிச் நகரில் சுவிட்சர்லாந்தின் முதல் மாற்று இதய அறுவையையும் செய்தவர்.

இன்றைய கருவி உள்ளங்கையில் ஒரு மூலைக்கு அடங்கும். எடை முப்பது கிராம் அளவே. தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில் சிறு பை போல் செய்து வைத்து, மெல்லிய கம்பியைச் சிரை வழியாக இதயத்துக்குச் செலுத்துகிறார்கள். மார்பை மறுபடியும் திறப்பதில்லை. பாட்டரி பத்தாண்டு அளவில் உழைக்கும்.

இதற்குத் தமிழில் "இதயமுடுக்கி" என்று பெயரிட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இச்சொல் நமக்கு முழு நிறைவு தரவில்லை. முடுக்குதல் என்றால் விரட்டுதல் என்ற எண்ணம் எழுகிறது. இந்த இயந்திரம் எப்போதும் இதயத்தைச் சாட்டையால் அடித்து ஓட்டுகிறது என்று கேட்பவர் எண்ணிவிடுகிறார். உண்மை அப்படியன்று. இக்கருவி முதலில் கவனிக்கிறது. கணு தானே துடித்தால் வாளாவிருக்கிறது. குறித்த நேரத்தில் துடிப்பு வராவிட்டால் மட்டுமே தான் ஒரு துடிப்பைக் கொடுக்கிறது. தாளம் தட்டும் சிறுவன் அயரும்போது மட்டும், பக்கத்தில் இருப்பவர் தொடையில் தட்டிக் கொடுப்பதைப் போன்றது இது. இரத்தத்தை இறைப்பது கொடையாகப் பெற்ற அதே தசைதான். ஆகவே அந்த அம்மையாரின் முதற்கேள்விக்கு விடை: இதயம் பழுதாகவில்லை, தாளக்காரன் மட்டும் சோர்ந்திருக்கிறான்.

அவருடைய இரண்டாவது கேள்வி, ஆயுள் முழுவதும் மெஷினா என்பது. "நிரந்தரம்" என்ற சொல்லே அவரை அச்சுறுத்தியது. மருத்துவர் அச்சொல்லை வெளிப்பெட்டியிலிருந்து பிரித்துக் காட்டவே பயன்படுத்துகிறார்: அது தற்காலிகம், இது உள்ளே தங்குவது. தேவை நிரந்தரம் என்பது அதன் பொருளன்று. கருவி பொருத்தியவர்களில் கணிசமானோருக்கு, மாதங்கள் செல்லச் செல்லக் கணு மீண்டு, கருவியின் உதவி அரிதாகவே தேவைப்படுகிறது. அதன்பின் அது காவலாக இருந்துகொண்டிருக்கும்.

எனினும் கருவியினால் தொல்லையே இல்லை என்றும் சொல்லுதல் தகாது. மாற்று இதயத்தை உடல் நிராகரிக்காதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை நோயாளி ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். அந்நிலையில் கருவி வைத்த இடத்தில் கிருமி தொற்றினால் அது கடுமையாகலாம். மேலும், நிராகரிப்பு உண்டா என அறிய, கழுத்துச் சிரை வழியே கருவியைச் செலுத்தி இதயத்திலிருந்து துணுக்குத் திசு எடுத்துச் சோதிப்பார்கள். அப்போது பேஸ்மேக்கரின் கம்பி இடம் பெயராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எனவேதான் மருத்துவர்கள் அவசரப்படாமல் முதலில் காத்துப் பார்க்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் இன்றியமையாதது. அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் துடிப்பு குறைவது பெரும்பாலும் கணுவின் சோர்வினால். ஆனால் மாதங்கள், ஆண்டுகள் கழித்து, நன்றாக இருந்தவருக்குத் திடீரெனத் துடிப்பு குறைந்தாலோ மயக்கம் வந்தாலோ, அதை அதே சோர்வு என்று எண்ணிவிடலாகாது. உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம். அல்லது அதன் இரத்தக் குழாய்கள் உள்ளே தடித்து அடைபட்டு வரலாம். நரம்பு அறுபட்ட இதயமாதலால் நெஞ்சுவலி என்ற எச்சரிக்கை மணி பலருக்கு ஒலிப்பதில்லை. மயக்கமே முதல் அறிகுறியாக வரக்கூடும். "வெயிலில் நின்றேன், அதனால் தலை சுற்றியது" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் படுத்துவிடாமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே கருவி ஒன்று மட்டும் போதாது. காரணத்தையும் தேடிச் சிகிச்சை செய்தாக வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குச் சில சொற்கள். கையெழுத்திடுமுன் புரிந்துகொள்ளுதல் நமது உரிமை. சிகிச்சையின் தன்மை, அதனால் வரக்கூடிய தீங்கு, வேறு வழிகள் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கிய பின்பே ஒப்புதல் பெற வேண்டுமென்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நமக்குப் புரியாத மொழியில் சொன்னது விளக்கம் ஆகாது. "தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு கேட்கிறேன்" என்று சொல்வதில் வெட்கம் ஏதுமில்லை. துடிப்பு ஏன் குறைந்தது, நிராகரிப்பு இல்லையெனச் சோதித்தாயிற்றா, இன்னும் காத்திருப்பதால் என்ன நன்மை, என்ன ஆபத்து, கருவி வைத்த பின் திசுச் சோதனை எவ்வாறு நடக்கும் - இந்த நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கருவி பொருத்தியவருக்கு ஓர் அட்டை தரப்படும். அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். தில்லி மெட்ரோவிலோ விமான நிலையத்திலோ சோதனை செய்யும் காவலரிடம் முதலில் அட்டையைக் காட்டுங்கள். கைப்பேசியைச் சட்டையின் அந்தப் பக்கப் பையில் வைக்காதீர்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஊருக்குப் புறப்படும்போது, மருந்துகளோடு மருத்துவமனைக் குறிப்பின் நகலும் கைப்பையிலேயே இருக்கட்டும். பெரிய பெட்டியில் வேண்டாம். ஊர் மருத்துவருக்கு அது உங்கள் நாவாக நின்று பேசும்.

இன்னொரு செய்தியும் உண்டு. உறுப்புக்காகப் பதிவு செய்துகொள்ள அந்த மாநிலத்தில் வசிப்புச் சான்று வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கும்படி 2023-இல் மத்திய அரசு மாநிலங்களை அறிவுறுத்தியது. பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

அம்மையாரின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அன்று அரை மணி விளக்கத்துக்குப் பின் அவர் கையெழுத்திட்டார். தமிழில்தான் இட்டார். நண்பர் பத்தாம் நாள் வீடு திரும்பினார். இப்போது மாலை வேளைகளில் பூங்காவில் நடக்கிறார். நரம்பில்லாத இதயம் மெல்லத்தான் விரைவு கொள்ளும் என்பதால், முதற்சுற்றை மெதுவாக நடந்து, பின்னரே வேகத்தைக் கூட்டுகிறார். கருவி இப்போது வேலை செய்வது குறைவு என்று சென்ற சோதனையில் சொன்னார்களாம். எங்கோ ஒரு தாய் கொடுத்த இதயம் வீணாகவில்லை. அதற்கு இடையில் சிறு துணை தேவைப்பட்டது, அவ்வளவே. அத்துணையை அந்தக் குடும்பம் ஏற்கத் தயங்கிய காரணம் நோய் அன்று, மொழி. அடுத்த வீட்டுத் தமிழருக்கு இத்தகைய படிவம் ஒன்று நீட்டப்படும் நாளில், உடன் சென்று அரை மணி நேரம் அமர்ந்து மொழிபெயர்ப்பது நம் ஒவ்வொருவராலும் இயலும்.